பின்னால் நீல விளக்கு மின்னினால் அது போலீஸ்தானா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். போன வாரம் இரவு பத்தரை மணிக்கு வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டி வந்தேன். ஆளில்லாத சாலையில் ஒரு கறுப்பு எஸ்யூவி, முன்கண்ணாடிக்கு உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்ன, என் பின்னாலேயே வந்தது. வண்டியில் போலீஸ் என்று எங்கும் எழுதியில்லை. பயந்துபோய், நிறுத்தாமல் இரண்டு மைல் தள்ளியிருந்த கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) வரை ஓட்டினேன். உள்ளே திரும்பியதும் அந்த வண்டி விளக்கை அணைத்துவிட்டு நேராகப் போய்விட்டது. நான் நிற்காதது தப்பா? அவன் போலி என்றால் சட்டம் என்ன செய்யும்? கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன், "இதெல்லாம் சின்ன கேஸ், விட்டுவிடு" என்கிறார்.

பதில்: வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம் வரை ஓட்டிப் போனது சரியான முடிவு. ஆனால் ஒன்று குறைகிறது. ஓட்டிக்கொண்டே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அண்ணன் சொன்னது அவருடைய மாநிலத்துக்கு ஓரளவு பொருந்தும். அமெரிக்காவில் போலீஸ் வேஷத்துக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் பிறரை ஏமாற்றப் போலீஸ் சீருடை போட்டவருக்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை, பேட்ஜைக் காட்டி ஏமாற்றினால் ஓராண்டு வரை. இரண்டுமே மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வகை. டெக்சாஸில் அப்படியில்லை. இங்கே தண்டனைச் சட்டத்தின் 37.11-ஆம் பிரிவின்படி இது மூன்றாம் நிலை பெலனி, அதாவது பெருங்குற்ற வகை: 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். புளோரிடாவிலும் பெலனிதான். அங்கே சாதாரண ஆள் வண்டியில் நீல விளக்கு பொருத்துவதற்கே தனித் தடை இருக்கிறது.

டெக்சாஸ் சட்டம் எதைப் பிடிக்கிறது என்று கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். அரசு ஊழியர் போல நடித்து, அந்த இல்லாத அதிகாரத்துக்கு இன்னொருவரைப் பணிய வைக்கும் நோக்கம் இருந்தால் அது குற்றம். நீங்கள் பணிந்தீர்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. விளக்கைப் போட்டு உங்களை நிறுத்தப் பார்த்தவன் போலி என்றால், நீங்கள் நிற்காமல் போனதால் அவன் தப்பிக்க முடியாது. மாறாக, ஹாலோவீனுக்குத் தொப்பி, பேட்ஜ் மாட்டிக்கொண்டு மிட்டாய் கேட்கப் போகும் பையனிடம் அந்த நோக்கம் இல்லை.

சீருடையோ வண்டியோ கூடத் தேவையில்லை. டெக்சாஸில் ஒருவர் தன் நண்பரின் குடிபோதை வழக்கைத் தளர்த்த, அரசு வழக்கறிஞருக்கு போன் போட்டு, தான் போதைப்பொருள் தடுப்புத் துறை ஏஜென்ட் என்று அளந்துவிட்டார். 2015-இல் மாநிலத்தின் உச்ச குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதி செய்தது. வர்ஜீனியாவில் இன்னொருவர், வேகமாக ஓட்டிப் பிடிபட்டதும், அபராதச் சீட்டிலிருந்து தப்பிக்க, தானும் ஒரு துணை ஷெரிஃப், அதாவது கவுண்டி போலீஸ் அதிகாரிதான் என்று நிஜ போலீஸிடமே சொன்னார்! பொய் சொல்வதும் பேச்சுரிமைதான் என்று அவர் தரப்பு வாதாடியது. 2012-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. நிஜ போலீஸிடமிருந்து காரில் தப்பி ஓடுவது டெக்சாஸில் பெலனி. ஆனால் நிறுத்தச் சொல்பவர் போலீஸ் என்று தெரிந்தே ஓடியிருக்க வேண்டும். கலிஃபோர்னியா சட்டம் இதை இன்னும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது: முன்பக்கம் தெரியும் சிவப்பு விளக்கு, தேவைக்கேற்ப சைரன், அடையாளமிட்ட வண்டி, சீருடையில் அதிகாரி. இந்த நான்கும் இருந்தால்தான் அங்கே தப்பி ஓடிய குற்றம் நிற்கும். இதைக் கேட்டுவிட்டு, எழுத்தில்லாத வண்டி என்றால் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெக்சாஸில் அடையாளமில்லாத நிஜ போலீஸ் வண்டிகளும் ஓடுகின்றன. நீங்கள் ஓடவில்லை, பாதுகாப்பான இடம் தேடினீர்கள் என்பது உங்கள் நடத்தையிலேயே தெரிய வேண்டும்.

அதற்குத்தான் 911. வேகத்தைக் குறையுங்கள், நாலு பக்கமும் மின்னும் ஹசார்ட் விளக்கைப் போடுங்கள், கதவு பூட்டியே இருக்கட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு, எந்தச் சாலை, எந்தத் திசை, பின்னால் எப்படிப்பட்ட வண்டி என்று சொல்லுங்கள். அது தங்கள் ஆளா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். இங்கே நகரப் போலீஸ், கவுண்டி ஷெரிஃப், கான்ஸ்டபிள், மாநில ட்ரூப்பர், பள்ளி மாவட்டப் போலீஸ் என்று பல படைகள் இருப்பதால் விசாரிக்க ஒரு நிமிஷம் ஆகலாம். பதறாமல் லைனில் இருங்கள். அந்த அழைப்பு பதிவாகும். பிறகு யாராவது "ஏன் நிற்கவில்லை" என்று கேட்டால், அந்தப் பதிவே உங்கள் சாட்சி. நின்ற பிறகும் கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கி, பெயரும் பேட்ஜ் எண்ணும் கேட்கலாம். நிஜ அதிகாரி முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். ஆனால் சாலையோரத்திலேயே ரொக்கம் கேட்டால் சந்தேகம் வேண்டாம், அவன் போலிதான்.

வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே வழிதான். 2025 ஜூனில் மினசோட்டாவில் ஒருவன் போலீஸ் உடையில், விளக்கு பொருத்திய எஸ்யூவியில் வந்து மாநில அரசியல்வாதிகளின் வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரு சட்டமன்ற உறுப்பினரும் அவர் கணவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கதவைத் திறக்காமல், உள்ளே இருந்தபடியே 911-இடம் கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்புறம், விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும் "இமிக்ரேஷன் ஆபீசர்" போன். கூட்டாட்சி அதிகாரி போல நடிப்பதற்குத் தனிச் சட்டமே உண்டு, 3 ஆண்டு வரை சிறை. வாரண்டை ரத்து செய்கிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று எந்த அரசு அலுவலகமும் கேட்காது. போனை வைத்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் அவன் போலியா, வேறு அழைப்பு வந்து விலகிப் போன நிஜ அதிகாரியா என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. போலீஸால் முடியும். எந்த ஊர் எல்லையில் நடந்ததோ அந்தப் போலீஸின் அவசரமல்லாத எண்ணை அழைத்து, நாள், நேரம், சாலை, வண்டி விவரம் கொடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. டேஷ்கேம், அதாவது காரில் பொருத்தும் கேமராவின் மெமரி கார்டு நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிவிடும். கேஸ் ஸ்டேஷன் கேமராவும் அப்படித்தான். காரில் டேஷ்கேம் இருந்தால், அடுத்த முறை வண்டியை எடுப்பதற்கு முன் அந்தக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு போன் போடுங்கள்.