புறாத்தீவில் முருகைக்கற்கள் ஏன் வெளுக்கின்றன?

இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியிலிருந்து படகில் போய்ப் புறாத்தீவில் வெள்ளை முருகைக்கற்களைப் பார்த்துவிட்டு, "செத்துவிட்டனவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை, பட்டினியில் கிடக்கின்றன.

முருகைக்கல் உண்மையில் கல்லல்ல, சிற்றுயிர்களின் குடியிருப்பு. அவற்றின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே நிறத்தையும் உணவின் பெரும்பங்கையும் தருகின்றன. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல் 1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பாசிகள் வெளியேற்றப்படும். வெள்ளை எலும்புக்கூடு தெரியும். நீர் விரைவில் குளிர்ந்தால் முருகைக்கல் மீளும். தாமதித்தால் சாகும், அதை அண்டிய மீன்களும் குறையும்.

கடல் இப்படிச் சூடாக ஒரு காரணம் எல்நினோ: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் இயற்கையான ஏற்ற இறக்கம். ஆனால் கடலே முன்பைவிடச் சூடாகிவிட்டதால் ஒவ்வொரு எல்நினோவும் கூடுதலாகச் சுடுகிறது. 1998 எல்நினோவின்போது இலங்கையின் தென், மேற்குக் கரைகளில் முருகைக்கற்பாறைகள் பெருமளவில் அழிந்தபோது திருகோணமலை பெரும்பாலும் தப்பியது. அந்த அதிர்ஷ்டம் இனியும் கைகொடுக்கும் என்று நான் நம்பமாட்டேன்.