வாய்மொழித் தேர்வும் மதிய விருந்தும்

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வை முடித்திருக்கிறேன். விருதுநகர் வட்டாரக் கண்மாய்களின் நீர்ப்பங்கீடு பற்றிய ஆய்வு. புறத்தேர்வாளர்களின் அறிக்கைகள் சாதகமாக வந்துவிட்டன. பொது வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. துறையில் எனக்கு முன்பு முடித்தவர்கள் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். 80 பேருக்குப் பிரியாணி, தேர்வாளருக்குக் காரும் தங்கும் அறையும், பொன்னாடைகள், நினைவுப் பரிசு, ஃப்ளெக்ஸ். கூட்டிப் பார்த்தால் 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. நெறியாளர் எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உதவித்தொகை இல்லாமல், சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் நான். இவற்றைச் செய்யாவிட்டால் ஏதேனும் சிக்கல் வருமா? செய்யாமல் இருப்பது மரியாதைக் குறைவா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள ஆய்வாளருக்கு,

பட்டம் கிடைப்பதில் சிக்கல் எதுவும் வராது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டை அந்த நிறுவனத்தில் பணியாற்றாத புறத்தேர்வாளர்கள் குறைந்தது இருவர் படித்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகள் சாதகமாக இருந்தால்தான் வாய்மொழித் தேர்வே நடக்கும். அதாவது உங்கள் ஆய்வேட்டைப் பற்றிய முக்கியமான முடிவு, பிரியாணி அண்டாவுக்கு யாரும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வாளரின் பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் தர வேண்டியவை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது வாங்கும் கட்டணம் பெரும்பாலும் இதற்கெல்லாம் சேர்த்துத்தான். ஆகவே காரும் அறையும் உங்கள் கணக்கில் வரவே கூடாதவை.

ஆனால் உங்கள் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். நெறியாளரின் கையெழுத்து எத்தனை தாள்களில் வேண்டியிருக்கிறது என்பதும், முகம் சுளித்த ஒருவரின் மேசையில் ஒரு கோப்பு எத்தனை நாள் உறங்கும் என்பதும், நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாருடைய பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்பதும் ஆய்வு மாணவர் எல்லோருக்கும் தெரியும். கேட்காமலேயே கொடுக்க வைப்பதுதான் இந்த வழக்கத்தின் சாமர்த்தியம். வாய்திறந்து கேட்டால் அது லஞ்சம். கேட்காமல் விட்டால் அது மரபு.

இருந்தாலும் விருந்தை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த அரங்கின் முதல் வரிசையில் பெரும்பாலும் மாணவரின் அப்பாவும் அம்மாவும் அமர்ந்திருப்பார்கள். அப்பா சலவை மடிப்புக் கலையாத வேட்டியில் இருப்பார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளை முனைவர் ஆகும் நாள் அது. திரையில் ஓடும் பவர்பாயிண்டில் பாதி புரியாவிட்டாலும், தேர்வாளர் எழுந்து பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் நாலு பேருக்குச் சாப்பாடு போட ஆசைப்பட்டால் அதைக் குறை சொல்ல நான் யார்?

எனக்கு உறுத்துவது வேறு. விருந்துக்கு வந்தவர் கேள்வி கேட்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு யாரும் ஜாதகப் பொருத்தத்தை விசாரிப்பதில்லை அல்லவா? ஆனால் பொது வாய்மொழித் தேர்வின் அறிக்கையில் அவையோர் கேட்ட கேள்விகளையும் பதில்களையும் பதிவு செய்தாக வேண்டும். அதனால் முந்தின நாளே துண்டுச் சீட்டில் கேள்விகளை எழுதி நண்பர்களிடம் கொடுத்துவைக்கும் ஏற்பாடு பல துறைகளில் உண்டு. இரண்டாம் வரிசையில் ஒருவர் எழுந்து, உள்ளங்கையில் மடித்து வைத்திருக்கும் சீட்டைக் குனிந்து பார்த்து, 'இந்த ஆய்வினால் சமூகத்திற்கு விளையும் பயன் யாது?' என்று வாசிப்பார். ஆய்வாளர் மனப்பாடமான பதிலைச் சொல்வார். பிறகு வருகைப் பதிவேடு கைமாறும். கையெழுத்துப் போட்டதும் எல்லோருடைய பார்வையும் கடிகாரத்துக்குப் போகும். ஐந்தாறு ஆண்டு உழைப்புக்கு நேரும் உண்மையான அவமரியாதை இதுதான் என்பேன்.

உணவு இருப்பதால் தேர்வு கெட்டுவிடும் என்பதும் இல்லை. பின்லாந்தில் எதிராய்வாளருடன் (ஆய்வேட்டை எதிர்த்துக் கேள்வி கேட்க அமர்த்தப்படுபவர்) மணிக்கணக்காகப் பொதுவில் வாதாடி முடித்த பிறகு, அவரைச் சிறப்பித்து மாணவரே அன்று மாலை விருந்து வைப்பது நெடுங்கால வழக்கம். ஆனால் அதற்கு முன்னால், அவையில் யாருக்கேனும் மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்று முறைப்படி அழைப்பு விடுக்கிறார்கள். ஸ்வீடனில் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆய்வேட்டை எல்லோரும் பார்க்கும்படி ஆணியடித்து மாட்டுகிறார்கள். படித்துவிட்டு வந்து கேளுங்கள் என்பது அதன் பொருள். நம் பல்கலைக்கழகங்களிலும் அறிவிப்போடு ஆய்வுச் சுருக்கம் போகிறது, துறையில் பார்வைக்கு ஒரு படி இருக்கிறது. யாரும் அதைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை, இத்தேர்வுக்குத் துறை ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் மட்டுமன்றி ஆர்வமுள்ள பிற வல்லுநர்களும் வரலாம் என்றது; இப்போதும் இது பொதுத் தேர்வுதான். எந்த மடையை எந்த நாளில் திறப்பது, கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைத் தலைமுறைகளாகக் கவனித்துவரும் நீர்ப்பாய்ச்சிகளைவிட உங்கள் பொருளில் பெரிய வல்லுநர் யார்? உங்கள் ஆய்வேட்டின் பல பக்கங்களுக்கு அவர்கள்தான் வாய்மொழி ஆதாரமாக இருந்திருப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரைப் பேருந்துக் கட்டணம் கொடுத்து அழைத்து வாருங்கள். ஆய்வின் முடிவுகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அச்சிட்டு வருபவர்களுக்குக் கொடுங்கள். 'நீ எழுதியிருக்கிற முறை எங்கள் ஊரில் இல்லையே' என்று ஒருவர் எழுந்து சொன்னால், உங்கள் தேர்வு அங்கேதான் உண்மையில் தொடங்கும். பதில் சொல்ல நீங்கள் திணறினாலும் பரவாயில்லை.

செலவைப் பொறுத்தவரை டீ, வடை, ஓர் இனிப்பு போதும். நெறியாளரிடம் சுற்றி வளைக்காமல், முன்கூட்டியே, தனியாகச் சொல்லிவிடுங்கள்: 'சார், என்னால் இவ்வளவுதான் முடியும், வீட்டில் நிலைமை இப்படி.' நேராகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் சங்கடப்பட்டுச் சரி என்றுதான் சொல்வார்கள். பொன்னாடை ஒன்றே ஒன்று வாங்குங்கள். யாருக்கு என்பதை அன்றைக்கு அரங்கில் நீங்களே முடிவு செய்யலாம். பெற்றோரை முதல் வரிசையில் உட்கார வைக்க மறக்க வேண்டாம். எனக்கும் ஓர் அழைப்பும் அந்த ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்பிவையுங்கள். வர முடிந்தால் வருகிறேன். கடைமடைக்காரர்களின் பங்கு பற்றிக் கேட்க என்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது.