வல்டா, ஃபொர்ஸ்டா? ஜெர்மானியர் காட்டை அழைக்கும் விதம்

கேள்வி: ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். காடு என்றால் ‘வல்ட்’ என்று படித்தேன். பயிற்சிப் பகுதிகளில் ‘ஃபொர்ஸ்ட்’ என்றும் வருகிறது. எதை எங்கே பயன்படுத்துவது? வால்டர் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதானா?

பதில்: பேச்சில் தயங்காமல் ‘வல்ட்’ என்றே சொல்லுங்கள். உலாவப் போவதும் காளான் பறிப்பதும் வல்டில்தான். மரம் வளர்த்து, வெட்டி, கணக்கு வைத்து நிர்வகிக்கும் காடு ‘ஃபொர்ஸ்ட்’. நாம் காட்டுக்குப் போகிறோம், அனுமதியை வனத்துறையிடம் கேட்கிறோம். ஏறக்குறைய அதே பிரிவினைதான்.

பிறப்பிலேயே இரண்டும் வேறு. வல்ட் பழைய ஜெர்மானியச் சொல்; ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்துகளிலும் கிட்டத்தட்ட இதே வடிவில் இருக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் ‘வீல்டு’ எனப்படும் நிலப்பகுதியின் பெயர் அதற்கு உறவு. ஃபொர்ஸ்ட்டின் வேர் இடைக்கால இலத்தீனின் ‘ஃபொரெஸ்டிஸ்’: அரசனுக்கென்று ஒதுக்கிய காடு. உடைமை, அதிகாரம் என்ற சாயல் அச்சொல்லை இன்றும் விடவில்லை. 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சி வனச் சட்டத்தின் முழுப் பெயரைப் பாருங்கள்: ‘வல்டைப் பாதுகாக்கவும் ஃபொர்ஸ்ட் தொழிலை மேம்படுத்தவுமான சட்டம்’. இரண்டு சொற்களுக்கும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஷ்வார்ட்ஸ்வல்ட், ஓடன்வல்ட் என மலைப்பகுதிகளின் பெயர்களிலும் வல்ட் ஒட்டியிருக்கிறது. ஷ்வார்ட்ஸ்வல்ட் போனவர்கள் அங்கே மலையையும் காட்டையும் சேர்த்தே பார்த்திருப்பார்கள்.

தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது வேற்றுமையில். காட்டில் இருந்தால் ‘இம் வல்ட்’. காட்டுக்குள் போனால் ‘இன் டென் வல்ட்’. ‘காட்டுக்குள் எப்படிக் கூவுகிறாயோ, அப்படியே எதிரொலிக்கும்’ என்ற பொருளில் ஜெர்மன் பழமொழி ஒன்று உண்டு. அதில் வருவது ‘இன் டென் வல்ட்’. குரல் உள்ளே போகிறதல்லவா? அந்தப் பழமொழியை மனப்பாடம் செய்துவிடுங்கள், விதி தானாக நிற்கும். பன்மை ‘வெல்டர்’, பாலோ ஆண்பால், ‘டேர் வல்ட்’.

வால்டருக்கும் காட்டுக்கும் தொடர்பில்லை. ஆளுதல் என்ற பொருளுள்ள ‘வல்ட்டன்’ என்ற வினையும் படையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த பெயர் அது. ‘வல்ட்மைஸ்டர்’ என்று கடையில் பார்த்தால் வன அதிகாரி என்று எண்ணிவிடாதீர்கள். காட்டில் வளரும் ஒரு மணமுள்ள மூலிகை அது. பச்சை நிற ஜெல்லிக்கும் மே மாதத்து ஒயின் பானத்துக்கும் அதன் சுவையைத்தான் சேர்ப்பார்கள்.