தாத்தா எழுதி வைத்த சிலேட்டு

கேள்வி: ஐயா, எங்களுடையது சின்ன அறக்கட்டளை. கிருஷ்ணகிரி டவுனில் இரண்டு கடை வாடகையும் ஒரு மாந்தோப்புக் குத்தகையும்தான் வருமானம். தாத்தா 1978-ல் பத்திரம் பதிந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு, நோட்டு, புத்தகம் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறார். இன்றுவரை அதைத்தான் செய்கிறோம். போன ஜூனில் நாங்கள் கொடுத்த நோட்டுக் கட்டு பள்ளி வராந்தாவிலேயே பிரிக்காமல் கிடந்ததாக வாத்தியார் சொன்னார். தம்பி, "ஆப் போட்டு எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றலாம்" என்கிறான். பெரியப்பா, "அப்பா எழுதினதில் கை வைக்காதே" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி போனைப் பார்க்கிறார், பெரியப்பா பத்திரத்தைப் பார்க்கிறார். அந்த நோட்டுக் கட்டு ஏன் பிரிக்காமல் கிடந்தது என்று வாத்தியாரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? முதல் வேலை அதுதான்.

1978-ல் சிலேட்டு வாங்க வழியில்லாத பிள்ளை ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். உங்கள் தாத்தா கண்ணால் பார்த்ததை எழுதினார். இன்று அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, பை, சைக்கிள் எல்லாம் அரசே தருகிறது. 2022-லிருந்து தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. ஆனால் இந்த ஆயிரம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். பிளஸ் டூ முடிவு வருகிற மே மாதத்துக்கும் முதல் ஆயிரம் கணக்கில் விழுகிற நாளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பஸ் செலவு, ஒரு ஜோடி நல்ல துணி எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான்.

அதில் ஒரு பிள்ளை விழுந்ததை நான் பார்த்தேன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றபின் தர்மபுரியில் ஒரு அறக்கட்டளைக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தேன். சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் மனு போட்டாள். அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை, பாட்டியோடு இருந்தாள். நாங்கள் ஏழு காகிதம் கேட்டோம். வருமானச் சான்றுக்கு இரண்டு தடவை மலை இறங்கினாள். பெற்றோர் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றதால் பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெங்களூருக்கே பஸ் ஏறினாள். ஜூனில் மனு முழுமையானது. ஆகஸ்டில் கமிட்டி கூடியது. பொங்கலுக்கு விழா, மேடை, சால்வை, மைக். அவள் பெயரைக் கூப்பிட்டேன், யாரும் எழுந்து வரவில்லை. விடுதி முன்பணம் 4,500 ரூபாய் கட்ட முடியாமல் ஜூலையிலேயே ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். அவள் பெயர் எழுதிய 10,000 ரூபாய் செக் என் சட்டைப் பையில் இருந்தது.

அந்த வருஷம் விழாவை நிறுத்தினோம். "மேடை இல்லாவிட்டால் நன்கொடை வராது" என்று ஒரு அறங்காவலர் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை, முதல் வருஷம் நன்கொடை குறையத்தான் செய்தது. ஆனால் மே மாதத்திலேயே 3,000, 5,000 என்று கொடுக்க ஆரம்பித்தோம். மனு வந்த ஏழு நாளுக்குள் முடிவு, இரண்டு பேர் கையெழுத்து போதும். உங்களுக்கு ஒரு வசதி: தோப்புக் குத்தகையைக் காய் இறங்குவதற்கு முன்பே வாங்கிவிட்டால், ஏப்ரலில் பணம் தயாராக இருக்கும்.

ஏழு காகிதத்தை மூன்றாகக் குறைத்தோம்: மதிப்பெண் பட்டியல், சேர்க்கைச் சீட்டு, பாஸ்புக் முதல் பக்கம். வீட்டு நிலவரத்தை வகுப்பு ஆசிரியரிடம் போனில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பழைய மனுக்களை ஒரு நாள் பரப்பிப் பார்த்தபோது நாற்பது மனு ஒரே கையெழுத்தில் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவருடைய கை. அத்தனை வருஷமும் பிள்ளைகளின் கஷ்டத்தை அளந்தோம் என்று நினைத்துக்கொண்டு அவர் உரைநடைக்கு மார்க் போட்டிருக்கிறோம்!

தம்பியின் ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அஞ்செட்டி மலைக் கிராமத்தில் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறுகிற பிள்ளைக்கு அது மட்டுமே வாசல் ஆகிவிடக்கூடாது. வாட்ஸ்ஆப்பில் இரண்டு நிமிஷம் பேசி அனுப்பினாலும் மனுதான் என்று வையுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள், ஆனால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் திறந்த கணக்கு இரண்டு வருஷம் வரவு செலவில்லாமல் கிடந்தால் செயல்படாக் கணக்காகிவிடும்; பணம் போய்ச் சேர்ந்தாலும் பிள்ளை எடுக்க முடியாமல் அலையும். ஆதார் ஜெராக்ஸை அட்டைப்பெட்டியில் சேர்த்து வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. 18 வயது நிரம்பாதவர் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. எங்கள் பெட்டியை எலி தின்றது, அது வேறு கதை.

இனிப் பெரியப்பா. அவர் பயம் நியாயமானது. பத்திரத்தின் நோக்கப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். "மற்றும் கல்வி சார்ந்த உதவிகள்" என்று ஒரு வரி இருந்தால் அறங்காவலர் கூட்டத் தீர்மானமே போதும். சிலேட்டு, நோட்டு, புத்தகம் என்பதோடு நின்றுவிட்டிருந்தால் நீங்களாக அடித்துத் திருத்த முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின்படி அறக்கட்டளையை நடத்தப் புதிய திட்டம் (ஸ்கீம்) வகுத்துத் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். நோக்கம் மாறினால் வருமான வரித் துறைக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆடிட்டரை முதலிலேயே கூப்பிடுங்கள், கடைசியில் அல்ல.

பெரியப்பாவிடம் பச்சையப்ப முதலியார் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1794-ல் காலமானார். கோயில் தருமங்களுக்கு என்று எழுதி வைத்த சொத்து பல காலம் வழக்கில் கிடந்து வட்டியோடு வளர்ந்தது. கட்டளைகளுக்குப் போக மிஞ்சியதை நீதிமன்றம் கல்விக்குத் திருப்பியது. 1842-ல் சென்னையில் பள்ளி திறந்தார்கள், அதுதான் பின்னால் பச்சையப்பன் கல்லூரி. அதனால் அவர் பெயர் கெட்டா போயிற்று?

கேள்வி: ஓசூர்ச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிடம் எங்கள் டிரஸ்டுக்கு சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) கேட்கலாமா? பதிவு செய்து ஒரு வருஷம்தான் ஆகிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போது கேட்டால் கை விரிப்பார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி, வரம்புக்குள் வருகிற கம்பெனி மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், உண்மைதான். ஆனால் அதைச் செய்து கொடுக்கிற வெளி டிரஸ்டுக்கு மூன்று வருஷ வேலைச் சான்று, 12ஏ என்கிற வரிவிலக்குப் பதிவு, 80ஜி என்கிற நன்கொடையாளர் வரிச்சலுகைப் பதிவு, கம்பெனி விவகார அமைச்சகம் தருகிற சி.எஸ்.ஆர்-1 எண் எல்லாம் வேண்டும். அதுவரை செய்ததைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒன்று கவனம்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது.

கேள்வி: இனாமாகக் கொடுத்தால் மதிப்புத் தெரியாது. உதவித்தொகையை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால் என்ன?
– வாசகர், அரூர்

பதில்: ஜே.என். டாட்டா 1892-லேயே மேல்படிப்புக்குக் கடன் உதவித்தொகை ஏற்படுத்தினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் அதில்தான் லண்டன் போய்ப் படித்தார். வெளிநாட்டுப் படிப்பு, பிறகு நல்ல சம்பளம் என்கிற பாதைக்கு அது பொருந்தும்.

நாங்களும் மூன்று வருஷம் செய்து பார்த்தோம். கொஞ்சப் பேர் திருப்பிக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீக்கடைக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டார்கள். முன்பெல்லாம் "சார்" என்று ஓடிவந்து பையை வாங்கிக்கொள்கிற பிள்ளைகள். நாலாம் வருஷம் கடன் பேரேட்டை மூடிவிட்டு ஆளுக்கொரு கார்டு போட்டேன்: "பாக்கி ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து போ."