குழுத் தலைவர் பதவி போனால் எம்.பி. ஆசனமும் போகுமா?

போகாது. பாராளுமன்றக் குழுத் தலைவர் என்றால் பாராளுமன்றத்தில் ஒரு கட்சியின் எம்.பி.க்களுக்குத் தலைவர். அந்தப் பதவி கட்சி கொடுப்பது, கட்சியே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் கையுயர்த்த வேண்டும், இரகசிய வாக்கெடுப்பா என்பதெல்லாம் அந்தந்தக் கட்சி யாப்பின் விஷயம். இலங்கை அரசியலமைப்பு அதற்குள் மூக்கை நுழைப்பதில்லை.

திருகோணமலையில் டியூஷன் வகுப்பில் கேட்டதாக நீங்கள் எழுதிய "ஒரு மாதத்தில் ஆசனம் காலி" என்பது அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரையிலிருந்து வந்திருக்கும். அது கட்சி உறுப்புரிமையே போனால்தான். கட்சியை விட்டு விலக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். விலக்கியது செல்லாது என்று தீர்ப்பு வந்தால் ஆசனம் தப்பும்.

உங்கள் ஒப்படைக்கு எடுத்த செய்தியில் கட்சியின் நீக்கக் கடித வாசகம் இருந்தால் அதைப் பாருங்கள்: நீக்கியது பதவியிலிருந்தா, கட்சியிலிருந்தா? பத்திரிகைத் தலைப்பை நம்பாதீர்கள், இரண்டுக்குமே "தூக்கப்பட்டார்" என்றுதான் போடுவார்கள்.

அப்புறம், எதிர்க்கட்சித் தலைவரை இதோடு குழப்ப வேண்டாம். அவரை அங்கீகரிப்பவர் சபாநாயகர். நம்மூர் எம்.பி.யாக இருந்த, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா 2015 செப்டெம்பரில் அப்படித்தான் வந்தார். 2018 டிசம்பரில் மஹிந்த ராஜபக்ஷவைச் சபாநாயகர் அங்கீகரித்ததும் சம்பந்தன் ஐயாவுக்கு அந்தப் பதவி போனது. அவருடைய கட்சி அவரை நீக்கவில்லை, திருகோணமலை எம்.பி.யாகவும் தொடர்ந்தார்.

ஒன்று மட்டும்: நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களுக்கு இதை அப்படியே பொருத்தாதீர்கள். அவர்களுக்கு உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் தனியாக இருக்கிறது.