யுத்த காலத்து அடுப்படி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பிரிட்டன்ல இருந்த ரேஷன் பத்தி ஒரு பாரா எழுதியிருந்தேன். அதுக்கே நெறைய கேள்வி வந்துருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

வாரத்துக்கு ஒரு ஆளுக்கு அப்படி என்னதான் குடுத்தாங்க? அத வச்சு ஒரு குடும்பம் எப்படி ஓட்டுச்சு? – ஒரு இல்லத்தரசி

1940 ஜனவரி 8ஆம் தேதி ரேஷன் ஆரம்பிச்சுது, மொதல்ல வெண்ணெய், சக்கர, பேக்கன் (உப்புல பதப்படுத்துன பன்றிக்கறி) இந்த மூணுக்குத்தான். அந்த நாட்டு சாப்பாட்டுல பெரும்பங்கு கப்பல்லதான் வந்துட்டு இருந்துச்சு, ஜெர்மன்காரன் நீர்மூழ்கிக் கப்பல வச்சு அதையெல்லாம் மூழ்கடிக்க ஆரம்பிச்சுட்டான், அதனால மார்ச்ல கறி, ஜூலைல டீத்தூளும் சமையல் கொழுப்பும், அடுத்த வருஷம் ஜாம், சீஸ்னு ஒவ்வொண்ணா உள்ள வந்துச்சு.

அளவு மாறிக்கிட்டே இருக்கும். ஆனாலும் பெரியவங்களுக்கு வாரத்துக்கு சுமாரா வெண்ணெய் 55 கிராம், டீத்தூள் 55 கிராம், சக்கர 225 கிராம், சீஸ் 55 கிராம், பேக்கன் 110 கிராம், முட்டை ஒண்ணுன்னு வச்சுக்கோங்க, அதுவும் முட்டை கடைக்கு வந்தாத்தான் உண்டு. ஒரு டீக்கு 2 கிராம் தூள் போட்டாலும் ஒரு நாளைக்கு 4 டீ, அதுக்கு மேல கிடையாது, வீட்டுக்கு யாராவது வந்தா அந்த அம்மாவுக்கு வயித்துல புளி கரைச்ச மாதிரிதான் இருந்திருக்கும். கறி மட்டும் எடைக்கணக்குல இல்ல, காசுக்கணக்குல. 1 ஷில்லிங் 2 பென்ஸுக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு. அதனால தெறமையான அம்மாக்கள் நல்ல துண்ட விட்டுட்டு மலிவான எலும்புக்கறியா பாத்து வாங்குவாங்க, அளவு கூட வரும்ல.

ரொட்டியும் உருளைக்கிழங்கும் சண்டை முடியுற வரைக்கும் ரேஷன்ல வரவே இல்ல. வயித்த ரொப்புனது இந்த ரெண்டுந்தான். ரொட்டியும் பழைய வெள்ளை ரொட்டி இல்ல, 1942ல இருந்து தவிடு முழுசா நீக்காத பழுப்பு கலர் ரொட்டி, சனத்துக்கு அது துளிகூட புடிக்கல, உடம்புக்கு நல்லதுதான்.

எல்லாருக்கும் ஒரே அளவுன்னு எழுதுனீங்க. நெசமாவே சமமா இருந்துச்சா? – ஒரு பள்ளி ஆசிரியர்

எனக்கு இந்தக் கேள்விதான் இருக்கறதுலயே முக்கியமாப் படுது, சார்.

சட்டத்துல நல்லா யோசிச்சுத்தான் செஞ்சுருந்தாங்க, அத ஒத்துக்கணும். உணவு மந்திரியா இருந்த லார்ட் வூல்ட்டன் அதுக்கு முன்னாடி பெரிய கடைகள நடத்துன ஆளு, அதனால சரக்கு எப்படி நகரும்னு அவருக்கு அத்துப்படி. ரேஷன் புத்தகத்துக்கே கலர் பிரிச்சாங்க. கர்ப்பிணி, பால் குடுக்கற தாய், அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்களுக்கு பச்சை புத்தகம், அவங்களுக்கு பால், முட்டை, பழத்துல முன்னுரிமை. 5ல இருந்து 16 வயசு வரைக்கும் நீலம். குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் ஆரஞ்சு ஜூஸும் அரசாங்கமே குடுத்துச்சு. குண்டு விழுந்துக்கிட்டிருந்த ஒரு நாட்டுல சிசு மரணம் போர் முடியும்போது குறைஞ்சிருந்துச்சுன்னா, அதுல இந்த பாலுக்கும் ஜூஸுக்கும் பங்கு உண்டு, இதெல்லாம் சின்ன விஷயமே இல்ல.

பணக்காரனுக்கு ஹோட்டல்னு ஒரு வழி இருந்துச்சு, அங்க கூப்பன் தேவையில்ல. சனங்க கத்துனதுக்கு அப்புறம் 1942ல ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல வாங்கக்கூடாதுன்னு வரம்பு போட்டாங்க, பெரிய ஹோட்டல்காரங்க அதுக்கு மேல தனிக்கட்டணம்னு ஒண்ணு வச்சு வாங்கிக்கிட்டாங்கன்றது வேற கதை.

ஆனா நான் சொல்ல வர்ற சமமின்மை வீட்டுக்குள்ள இருந்தது. கடைக்காரர் நாலு பேருக்கு நாலு பங்கு சரியா நிறுத்துக் குடுத்தாரு, வீட்டுக்கு வந்ததும் அது நாலா பிரியல. அந்த அம்மா தன் பங்கு கறிய வேலைக்குப் போற புருஷனுக்கும், தன் பங்கு சக்கரையவும் முட்டையையும் புள்ளைங்களுக்கும் வச்சுட்டு, ரொட்டியும் கெழங்கும் டீயுமா ஓட்டுனாங்க. அந்தக் காலத்துல சாதாரண சனங்க எழுதுன டைரிகள்லயும் அரசாங்கம் எடுத்த சர்வேக்கள்லயும் இது திரும்பத் திரும்ப வருது. யாரும் அவங்கள அப்படி செய்யச் சொல்லல, ஆனா யாரும் வேணாம்னும் சொல்லல, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

இதுல க்யூ வேற. ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பிட்ட கடைல பேர பதிஞ்சிருக்கணும், அங்க மட்டுந்தான் ரேஷன் சரக்கு. மீன், பழம் மாதிரி ரேஷன்ல வராத பொருளுக்கு வரிசைல நின்னு வாங்கணும், நின்னாலும் கெடைக்கும்னு இல்ல. 1941 டிசம்பர்ல கல்யாணம் ஆகாத 20ல இருந்து 30 வயசு பொண்ணுங்கள கட்டாய சேவைக்கு எடுக்க சட்டம் வந்துச்சு, கல்யாணம் ஆனவங்களும் லட்சக்கணக்குல ஃபேக்டரிக்குப் போனாங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்து பாத்தா கடைல நல்ல சரக்கு எல்லாம் காலி. புருஷன் எங்கயோ யுத்த களத்துல, ராத்திரி ஆனா குண்டுச் சத்தம், காலைல மறுபடி க்யூ. "பொதுமக்கள் ஒத்துழைப்பு"ன்னு வரலாத்துப் புத்தகத்துல ஒரு வரில முடிச்சுடறாங்க பாருங்க, அந்த ஒத்துழைப்புல பெரும்பாதி பொம்பளைங்களோட கால்வலி.

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்ணாங்க? – ஒரு வாசகர்

கறி ரேஷன விட்டுக்குடுத்துட்டா பதிலுக்கு கூடுதல் சீஸ் குடுத்தாங்க. அதுக்குத் தனியா பதிவு பண்ணிக்கணும்.

குழந்தைங்க அந்தக் காலத்த எப்படி தாங்குனாங்க? – கல்லூரி மாணவி

சாப்பாட்ட விட பிரிவுதான்மா அவங்களுக்குப் பெருசா இருந்திருக்கும். 1939 செப்டம்பர் மாசத்தோட மொத சில நாள்லயே சுமார் 15 லட்சம் பேர, முக்கால்வாசி புள்ளைங்க, லண்டன் மாதிரி நகரங்கள்ல இருந்து கிராமத்துக்கு அனுப்புனாங்க, கழுத்துல பேர் எழுதுன அட்டை, கைல ஒரு பை, வாயு முகமூடி டப்பா. யார் வீட்டுக்குப் போறோம்னு புள்ளைக்கும் தெரியாது, பெத்தவளுக்கும் தெரியாது. ஏத்துக்கிட்ட வீட்டுக்காரங்களுக்கு ஒரு புள்ளைன்னா வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் அரசாங்கம் குடுத்துச்சு. சில புள்ளைங்களுக்கு நல்ல வீடு அமைஞ்சுது, சிலது வேலைக்காரங்க மாதிரி நடத்தப்பட்டுச்சு. குண்டு உடனே விழலன்னதும் அந்த வருஷ கடைசிக்குள்ள நெறைய அம்மாக்கள் போய் புள்ளைங்கள திரும்ப கூட்டிட்டு வந்துட்டாங்க, அரசாங்கம் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல.

மிட்டாய் 1942 ஜூலைல ரேஷனுக்கு வந்துச்சு. வாழைப்பழம் 1940 கடைசில இறக்குமதியே நின்னுபோச்சு, அதனால அஞ்சு வயசு வரைக்கும் வாழைப்பழத்த கண்ணால பாக்காத புள்ளைங்க ஒரு தலைமொறையே இருந்துச்சு.

துணிக்கும் கூப்பனாமே? கல்யாணம் எல்லாம் எப்படி நடந்துச்சு? – ஒரு தையல்கார அக்கா

ஆமா அக்கா, 1941 ஜூன் 1ல இருந்து. வருஷத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன், பிற்பாடு அதையும் கொறச்சாங்க. ஒரு கம்பளி கவுனுக்கு 11 கூப்பன் போயிடும். நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன், உங்க தொழில்தான் அப்ப உசுரா இருந்துச்சு, பழைய கோட்ட பிரிச்சு புள்ளைக்கு சட்டை, பழைய ஸ்வெட்டர பிரிச்சு அந்த நூல்லயே புதுசுன்னு. கல்யாணப் பொண்ணுங்க ஒருத்தர் டிரெஸ்ஸ ஒருத்தர் இரவல் வாங்கி போட்டுக்கிட்டாங்க. கேக் மேல சக்கரப்பாகு பூசக்கூடாதுன்னு 1940லயே தடை, அதனால சின்ன கேக்க வச்சு மேல அலங்காரமா அட்டைல செஞ்ச பெரிய கேக் மூடிய கவுத்து போட்டோ எடுத்துக்குவாங்க.

அதே சமயம் நம்ம நாட்டுல என்ன நடந்துச்சு? – ஒரு ஓய்வுபெற்ற ஊழியர்

ஐயா, இத எழுதறப்ப கோவம் வருது. 1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு, பர்மா அரிசி நின்னுச்சு. வங்காளக் கரையோரத்துல எதிரிக்குக் கெடைக்கக்கூடாதுன்னு படகுகளையும் நெல்லையும் அரசாங்கமே அப்புறப்படுத்துச்சு, அக்டோபர்ல புயல் அடிச்சுது, விலை ஏறிக்கிட்டே போச்சு. யுத்தத்துக்குத் தேவையான கல்கத்தா தொழிலாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் முதல்ல அரிசி போச்சு, கிராமத்துல கூலி வேலை செஞ்ச குடும்பங்களுக்கு எந்தக் கார்டும் கிடையாது. 1943-44 வங்காளப் பஞ்சத்துல செத்தவங்க 15 லட்சம்னு அரசாங்க விசாரணைக் கமிஷனே சொல்லுச்சு, பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க 30 லட்சம் வரைக்கும் சொல்றாங்க. கல்கத்தாவுல முழு ரேஷன் வந்தது 1944 ஜனவரி கடைசிலதான். தானியம் அனுப்ப கப்பல் கேட்டா லண்டன் பெரும்பாலும் கை விரிச்சுது. அங்க ஒரு புள்ளைக்கு எத்தன கிராம் சக்கரன்னு கணக்குப் போட்ட அதே ஆட்சிதான் இங்க ஒரு புள்ளைக்கு ஒரு பிடி அரிசி இருக்கான்னு பாக்கல. ரேஷன் நல்ல திட்டம்தான், யார கணக்குல சேத்தாங்க யார விட்டாங்கன்றதுதான் பிரச்சினை.

சண்டை முடிஞ்சதும் ரேஷனும் முடிஞ்சிருக்கும்ல? – ஒரு வாசகி

இல்லைங்க, இன்னும் மோசமாச்சு. நாடு கடன்ல மூழ்கி கெடந்துச்சு, சண்டையப்ப கூட தொடாத ரொட்டிய 1946 ஜூலைல ரேஷன்ல கொண்டு வந்தாங்க, ரெண்டு வருஷம் இருந்துச்சு. அப்பதான் வீட்டுப் பொம்பளைங்க தெருவுக்கு வந்தாங்க, பிரிட்டிஷ் ஹவுஸ்வைவ்ஸ் லீக்னு 1945ல ஆரம்பிச்ச சங்கம் கூட்டம், மனு, ஊர்வலம்னு இறங்குச்சு. அவங்கள எதிர்க்கட்சியோட கைப்பாவைன்னு திட்டுனவங்க உண்டு, அரசியல் கலந்துச்சுன்றது சரிதான், ஆனா ஆறு வருஷம் தன் தட்ட காலியா வச்சு மத்தவங்களுக்கு போட்டவங்களுக்கு இனிமே முடியாதுன்னு சொல்ல எல்லா உரிமையும் இருந்துச்சுன்னுதான் நான் சொல்வேன். மிட்டாயும் சக்கரையும் 1953ல விடுபட்டுச்சு, கடைசியா கறி 1954 ஜூலை 4ல. மொத்தம் பதினாலு வருஷத்துக்கும் மேல.