வண்டி வாங்காமல் வாழ முடியுமா? வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தண்டையார்பேட்டையில் நடந்த எங்கள் பகுதிக் குடியிருப்போர் கூட்டத்தில், கார்களையும் பைக்குகளையும் குறைத்துக்கொண்டு ஊருக்குள் எப்படிப் போய்வருவது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பேருந்துகளுக்குக் கால அட்டவணை தயாரிப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால் அழைத்திருக்கிறார்கள். பேசி முடித்தபோது கேள்விச் சீட்டுகள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. அங்கே சொல்ல நேரமில்லாமல் போனவற்றுக்கு இங்கே எழுத்தில் பதில் தருகிறேன்.

தண்டையார்பேட்டை, அச்சகத் தொழிலாளி: அரை மணி நேரம் காத்திருந்தாலும் பேருந்து வருவதில்லை. வரும்போது ஒரே எண்ணில் மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதை யாரும் கவனிப்பதில்லையா?

கவனிக்கிறார்கள், ஆனால் அட்டவணைத் தாளில் மட்டும் இதைச் சரிசெய்துவிட முடியாது. ஒரு பேருந்து இங்கிருந்து புறப்பட்டு மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர 2 மணி நேரம் ஆகிறது என்று கொள்ளுங்கள். அந்தத் தடத்தில் 12 பேருந்துகள் இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். சாலையில் வண்டிகள் பெருகி, அதே சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகத் தொடங்கினால், அதே 12 பேருந்துகளுக்கு இடைவெளி பன்னிரண்டரை நிமிடமாகிவிடும். பழைய இடைவெளியையே காப்பாற்ற வேண்டுமானால் இன்னும் 3 பேருந்துகளும், அவற்றுக்கான ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வேண்டும். அவை கிடைக்காத நாளில் நடைகள் ரத்தாகும். காத்திருந்து சலித்தவர் தவணையில் பைக் வாங்குவார். அந்த பைக்கும் சாலையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு சுற்று நேரம் இன்னும் நீளும். என் கண்முன்னே பல தடங்கள் இப்படித்தான் தேய்ந்தன.

மூன்று பேருந்துகள் சேர்ந்து வருவதற்கும் இதுவே காரணம். முதல் பேருந்து ஏதோ ஒரு சிக்னலில் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டால், அடுத்த நிறுத்தங்களில் அதற்காகக் காத்திருப்போரின் எண்ணிக்கை கூடிவிடும், ஏறி இறங்க நேரம் பிடிக்கும், அது மேலும் பின்தங்கும். பின்னால் வரும் பேருந்துக்கு ஏற்றிக்கொள்ள ஆளில்லாததால் அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை.

இதற்கு மருந்து சாலையில்தான் இருக்கிறது. சுமார் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் தனியார் வண்டிகள் மட்டும் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் கடக்கலாம் என்றும், அடிக்கடி வரும் பேருந்துகளுக்கென்றே அதை ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் கடக்கலாம் என்றும் அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுவதிலும் அப்படித் தனித்தடம் போட இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெரிசல் மிகுந்த சந்திப்புகளுக்கு முந்தைய 200 மீட்டரில் மட்டுமாவது, காலை மாலை வேளைகளில் வண்டி நிறுத்தத்தை அகற்றிப் பேருந்துக்கு வழிவிட முடியும். ஒரு சுற்றில் 15 நிமிடம் மிச்சமானாலும், புதிய பேருந்து வாங்காமலேயே அதிக நடைகளை ஓட்டிவிடலாம்.

திருவொற்றியூர், கிண்டியில் வேலை செய்பவர்: போக வர 45 கிலோமீட்டர் பைக்கில் போகிறேன். மெட்ரோவில் போனால் செலவு கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பைக் என்றால், நாளொன்றுக்கு ஒரு லிட்டர், மாதம் 25 வேலைநாளுக்குப் பெட்ரோல் மட்டும் சுமார் 2,500 ரூபாய். மெட்ரோவில் ஒரு பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான்; பயண அட்டையிலோ கைப்பேசியிலோ சீட்டு எடுத்தால் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆகவே மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. பைக்கின் தவணை, ஆயில், டயர், காப்பீடு ஆகியவற்றை நண்பர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இதைவிடவும் குறைவு, ஆனால் உங்கள் தூரத்துக்கு நேரம் அதிகமாகும்.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். உண்மையான சிக்கல் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் என்று நினைக்கிறேன். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடந்துவிடுங்கள். இரண்டு என்றால் ஒரு பழைய சைக்கிள் போதும். நிலையத்தைச் சுற்றி ஓடும் சிற்றுந்துகள் வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து கேட்கவும் வேண்டும், ஏனென்றால் பல்லாயிரம் கோடி செலவில் போட்ட பாதையைக் கடைசி ஒரு கிலோமீட்டருக்காக மக்கள் பயன்படுத்தாமல் விடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: எங்கள் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆனால் மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது? இதைப் பசுமை என்று சொல்வது சரியா?

மிகச் சரியான கேள்வி. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றை வரவேற்ற அதே நாளில், அத்திப்பட்டு பக்கம் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வாழும் நம் உறவினர்களும் என் நினைவுக்கு வந்தார்கள். வடசென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் நம் பக்கத்தில்தான் நிற்கின்றன. அவற்றின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான் வெளியிடுகிறது. ஆக, கரியமில வாயுவில் இன்றைக்குப் பெரிய லாபம் இல்லை. ஆனால் நிறுத்தத்தில் நிற்கும் குழந்தையின் முகத்தில் டீசல் புகை அடிப்பதில்லை. காற்றாலையும் சூரிய ஒளியும் மின்கட்டமைப்பில் கூடக் கூட அதே பேருந்து ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகும். டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 50 பேர் ஏறிய பேருந்தில் ஒருவர் பங்குக்குக் கிலோமீட்டருக்கு 15 கிராம் அளவில் வருகிறது. ஒருவர் ஓட்டும் பெட்ரோல் பைக்குக்கு 50 கிராம். ஒருவர் மட்டும் போகும் பெட்ரோல் காருக்கு 150 கிராம். அந்தக் காரை மின்சாரக் காராக மாற்றினால் ஏறக்குறைய 100 கிராமுக்குக் குறையும். அதற்கான புகை அவருடைய தெருவை விட்டு எண்ணூருக்கு இடம்பெயரும். எனவே நகரத்தில் உள்ள எல்லாக் கார்களையும் மின்சாரக் கார்களாக மாற்றுவதே தீர்வு என்று யாராவது பேசினால், அந்தச் சுமையைச் சுமக்கப்போவது எந்த ஊர் என்று கேளுங்கள். வண்டிகளின் எண்ணிக்கை குறைவதுதான் வடசென்னைக்கு நல்லது.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பெண் (மகள் எழுதித் தந்தது): பெண்களுக்குப் பேருந்து இலவசம் என்கிறார்கள். நான் விடியற்காலை மூன்று மணிக்குப் போகிறேன், அப்போது பேருந்து இல்லை. திரும்பும்போது அன்னக்கூடையைப் பார்த்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஷேர் ஆட்டோவுக்கே பாதி லாபம் போகிறது.

அம்மா, உங்கள் சீட்டைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அட்டவணை போடும் எங்களைப் போன்றவர்கள் காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும்தான் நெரிசல் நேரம் என்று படித்து வந்தவர்கள். அலுவலகம் போகும் ஒருவர் காலையில் போய் மாலையில் வருகிறார். மீன் விற்பவர், பூ கட்டுபவர், துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் நாள் அப்படி அமைவதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான், ஆனால் ஓடாத பேருந்தில் இலவசம் இருந்து என்ன பயன்?

துறைமுகத்துக்கு விடியலுக்கு முன் இரண்டு மூன்று நடைகள் விடுவது கடினமான காரியம் அன்று. இரவு தங்கும் பேருந்துகளை முதல் நடைக்கு முன் ஒரு சுற்று அனுப்பினால் போதும். கூடைக்கு இடம் என்பதும் நியாயமான கோரிக்கையே. புறநகர் ரயிலில் வியாபாரிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கும்போது, குறிப்பிட்ட நடைகளில் பின்பக்க இருக்கைகள் இரண்டை எடுத்துவிட்டுக் கூடை வைக்க இடம் தரலாம். உங்களோடு மீன் எடுப்பவர்கள் 20 பேர் சேர்ந்து, எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று எழுதித் தாருங்கள். மனுவை நானே எழுதி, கிளை மேலாளரிடம் உங்களோடு வருகிறேன்.

மணலி, ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தந்தை: மகன் சைக்கிளில் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறான். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் எப்படி அனுப்புவது?

இன்றுள்ள நிலையில் அந்தச் சாலையில் அனுப்பாதீர்கள். சுற்றிப் போனாலும் உட்தெருக்களில் ஒரு வழியைக் கண்டுபிடித்து, இரண்டு வாரம் நீங்களும் கூடவே ஓட்டிச் செல்லுங்கள். ட்ரெய்லரின் இடப்பக்கத்தில் ஓட்டுநருக்குத் தெரியாத பகுதி மிகப் பெரியது; அது திரும்பும்போது பின்சக்கரங்கள் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். நிற்கும் ட்ரெய்லரின் இடப்புறமாக ஒருபோதும் நுழையக் கூடாது என்பதை அவனுக்கு மனப்பாடமாக்குங்கள்.

சாலை ஓரத்தில் பெயின்ட் கோடு போட்டுச் சைக்கிள் பாதை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இத்தகைய சாலையில் கான்கிரீட் தடுப்பு வேண்டும். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை ஒதுக்குவதாகச் சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. மணலிக்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க முழு உரிமை உண்டு. சரக்கை ரயிலுக்கு மாற்றுவதும் இதோடு சேர்ந்ததே: ஒரு கன்டெய்னர் ரயில் 40 அடிப் பெட்டிகள் 45-ஐ, அதாவது 45 ட்ரெய்லர்களின் சுமையை, ஒரே தடவையில் இழுத்துவிடும்.

பெரம்பூர், பாத்திரக் கடைக்காரர்: தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்றால் வியாபாரம் படுத்துவிடாதா?

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஒரே ஒரு வேலை செய்து பாருங்கள்: ஒரு வாரம், கடைக்கு வருபவர் ஒவ்வொருவரும் எப்படி வந்தார் என்று கல்லாவில் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கடை வாசலில் ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை பேர் நின்று சாமான் பார்க்கலாம் என்பதையும், காலை முதல் மாலை வரை அங்கே நிற்பது வாடிக்கையாளரின் வண்டியா பக்கத்துக் கடைக்காரரின் வண்டியா என்பதையும் எழுதுங்கள். சரக்கு இறக்குவதற்குக் காலையில் தனி நேரம் ஒதுக்கும்படி அவசியம் கேளுங்கள்; அது இல்லாமல் எந்த மாற்றத்துக்கும் சம்மதிக்க வேண்டாம்.

பழைய வண்ணாரப்பேட்டை, முதியவர்: நடைபாதை முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

ஐயா, இந்தியச் சாலைகள் பேரவையின் விதிப்படி நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். ஒரு அளவு நாடாவோடு போய்ப் புகைப்படம் எடுத்து, இந்த இரண்டு எண்களையும் மனுவில் எழுதி, வார்டு பொறியாளரிடம் கொடுங்கள். எண்ணோடு வரும் புகாரைத் தள்ளிவைப்பது கடினம்.

கொருக்குப்பேட்டை, 52 வயதுப் பெண்: ரேஷன் கடை, சந்தை, மகள் வீடு எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். ரயில்வே கேட்டில் ஆட்டோ நிற்கும் நேரம்தான் அதிகம். இந்த வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டால் சிரிப்பார்களா?

தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களையும் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஓட்டிப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பார் இல்லாத லேடீஸ் சைக்கிளாக வாங்குங்கள். சீட்டை, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் சொல்லி முதல் வாரத்துக்குப் பெடல்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஞாயிறு அதிகாலையில், வண்டிகள் வராத ஒரு மைதானத்தில், காலால் தள்ளித் தள்ளி உருட்டிப் பழகுங்கள். கால் தரையில் படாமல் பத்தடி தூரம் போக வந்த பிறகு பெடலை மாட்டலாம். முந்தானை செயினில் சிக்காதபடி செயின் கவர் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேட் மூடியிருந்தால் இறங்கி நின்று, திறந்த பிறகு உருட்டிக்கொண்டே கடந்து, மறுபக்கம் போய் ஏறிக்கொள்ளுங்கள்.